கார்ப்பெட்டுக்கு அடியில் மின்சாரத் தரைச் சூடேற்றி: போட்டவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். அம்மாவின் அறையில் கார்ப்பெட்டுக்கு அடியில் மின்சாரச் சூடேற்றும் விரிப்பு போடப் போகிறோம். குளிரில் அவருக்குக் கால் மரத்துப்போகிறது. கான்கிரீட் தரைமேல் வெப்பக்காப்புப் பலகை, அதன்மேல் அலுமினியத் தாள் போர்த்திய விரிப்பு, அதுவரை தெளிவு. கார்ப்பெட்டும் அதன் அடிமெத்தையும் சேர்ந்து 2.5 டாக் (சூடு மேலே வராமல் எவ்வளவு தடுக்கும் என்பதற்கான அலகு) தாண்டக் கூடாது என்கிறார்கள். கார்ப்பெட் மட்டுமே 1.5, அப்படியானால் அடிமெத்தைக்கு மிச்சம் 1தான். அவ்வளவு மெல்லியதாகப் போட்டால் மிதிக்க மெத்தென்று இருக்குமா? சுவரோரம் கார்ப்பெட்டைப் பிடிக்கும் ஆணிப் பட்டையிலிருந்து விரிப்பை எவ்வளவு தள்ளி வைத்தீர்கள்? ஆணி கம்பியில் இறங்கிவிடுமோ என்பதுதான் பெரிய பயம். அப்புறம், தரையின் சூட்டை 27 டிகிரியோடு நிறுத்தினால் அறைக்குப் போதுமா, தனியாக ஹீட்டரும் வேண்டுமா? ஒரு குளிர்காலமாவது பயன்படுத்திப் பார்த்தவர்கள் சொன்னால் பெரிய உதவி.