நீள முடி முயலுக்குக் கூண்டுத் தரை: கம்பியா, மரமா, பாயா?

பஞ்சுவின் அம்மா, குன்னூர்

வணக்கம். எங்கள் வீட்டு முயல் பஞ்சுவுக்கு இப்போது ஒன்றரை வயது. அங்கோரா என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். காது நுனியில் குஞ்சம், கன்னத்தில் முடி, உடம்பு முழுக்க ஏழெட்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு வெள்ளைப் பஞ்சு. எடை 2.6 கிலோ. மகள் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு பஞ்சுவின் முழுப் பொறுப்பும் என்னுடையது.

கூண்டு வீட்டின் பின்பக்கம் தகரச் சாய்ப்புக்குக் கீழே இருக்கிறது. 4 அடி நீளம், 2 அடி அகலம். தரை கம்பி வலை. போன மாதம் மடியில் மல்லாத்திப் போட்டுச் சிக்கெடுக்கும்போதுதான் பார்த்தேன், பின்னங்கால் இரண்டிலும் குதிகால் பக்கம் ஐம்பது பைசா அளவுக்கு முடியே இல்லாமல் சிவந்திருக்கிறது. தோல் கிழியவில்லை. ஆனால் தொட்டால் காலை இழுத்துக்கொள்கிறாள். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

மறுநாளே வலைக்கு மேல் பலகை போட்டு, மர அறுவை மில்லில் இருந்து ஒரு சாக்கு மரத்தூள் வாங்கி வந்து பரப்பினேன். சில்வர் ஓக்கா தைலமரமா என்று கேட்டதற்கு எல்லாம் கலந்துதான் இருக்கும் என்றார்கள். நான்கே நாளில் வயிற்று முடி முழுக்கத் தூள் ஏறி, மூத்திரத்தில் நனைந்து, களிமண் அப்பினது போலச் சடை பிடித்துவிட்டது. கத்தரியால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுக்க இரண்டு மணி நேரம். அப்புறம் வைக்கோல் போட்டேன். துண்டு துண்டாக முடியில் மாட்டிக்கொண்டது, இங்கே இருக்கும் ஈரத்துக்கு இரண்டாம் நாளே புழுங்கல் வாடையும் வந்தது. செய்தித்தாள் போட்டால் மை ஒட்டி வயிறு சாம்பல் நிறமாகிறது. பழைய துவாலை போட்டுப் பார்த்தேன், ஓரத்தைக் கடித்து நூலை விழுங்க ஆரம்பித்தாள், உடனே எடுத்துவிட்டேன்.

சுத்தத்துக்காகப் பின்பக்கம் நனையும் இடத்தில் முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறேன். பாதத்துக்கு அடியிலும் முடி மஞ்சளாக, அழுக்காக இருந்தது, அதையும் ஒட்ட வெட்டிவிட்டேன். தினமும் பதினைந்து நிமிடம் சீவுகிறேன்.

தரை எதில் போடுவது, மேலே என்ன விரிப்பது? அக்டோபரில் இருந்து மூடுபனியும் மழையுமாக எதுவுமே காயாது. அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

மலைமுயல், கொடைக்கானல்

அக்கா, முதலில் ஒன்று கேட்கிறேன். உங்கள் கம்பி வலையின் கண் என்ன வடிவம்? அறுகோணமா, சதுரமா? கையால் அழுத்தினால் தொய்கிறதா?

முடி நீண்ட முயலைக் கம்பித் தரையில் வளர்ப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். புழுக்கையும் மூத்திரமும் கீழே போய்விடுவதால் உரோமம் சுத்தமாக இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. அது பொய்யில்லை. ஆனால் அவர்கள் போடுவது வெல்டு மெஷ், அதாவது கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த கெட்டி வலை, அரை அங்குலத்துக்கு ஒரு அங்குலக் கண், 14 கேஜ் தடிமன், தொய்யாமல் கீழே தாங்கு கம்பியும் இருக்கும். அப்போதும் உட்கார ஒரு பலகை வைப்பார்கள். இன்னொன்று, உரோமத்துக்காக வளர்க்கும் ஜெர்மன் அங்கோராவுக்கு இரண்டரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழுசாக முடி வெட்டிவிடுவார்கள். இமாச்சலில் குலு பக்கம் கார்சாவில் இருக்கும் மத்திய அரசு ஆராய்ச்சி நிலையத்தில் அந்த இனம்தான். முடியை நீளமாகவே விட்டு வளர்க்கும் நமக்கு அவர்கள் முறை அப்படியே பொருந்தாது.

எங்கள் ஊர்ப் பக்கம் மன்னவனூரிலும் ஒரு நிலையம் இருக்கிறது. அங்கே இருப்பது ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா. இரண்டும் குட்டை முடி இறைச்சி இனங்கள். அங்கே போய்க் கூண்டைப் பார்த்துவிட்டு வந்து அதே மாதிரி அங்கோராவுக்கு அடித்து, பிறகு மாற்றினவன் நான்.

பஞ்சுவின் அம்மா, குன்னூர்

தம்பி, போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். அறுகோணக் கண்தான். கை வைத்தால் நடுவில் ஒரு விரற்கடை இறங்குகிறது. கூண்டு அடித்தவரிடம் முயலுக்கு என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

மலைமுயல், கொடைக்கானல்

அது கோழி வலை அக்கா. பக்கவாட்டுக்கு வைக்கலாம், தரைக்கு ஆகவே ஆகாது. மெல்லிய கம்பி, முழு எடையும் இரண்டு மூன்று கோட்டில் போய் அழுத்தும். நாய், பூனைக்கு இருப்பது போல முயலின் பாதத்தில் மெத்தை கிடையாது. முடிதான் மெத்தை.

நான் இப்போது வைத்திருப்பது மூங்கில் பட்டைத் தரை. மூங்கிலைப் பிளந்து, பச்சைத் தோல் மேலே வரும்படி, கணுவைச் சீவிச் சமமாக்கி, இடைவெளி ஒன்றேகால் சென்டிமீட்டர் விட்டு அடித்தது. அதற்கு மேல் விட்டால் கால் மாட்டும், குறைத்தால் புழுக்கை நிற்கும். மூங்கில் தோல் மூத்திரத்தை உறிஞ்சாது. ரீப்பர் கட்டை போட்டால் மூன்று மாதத்தில் ஊறி வாடை வந்துவிடும். பிளைவுட் வேண்டவே வேண்டாம், ஓரத்தைக் கடித்தால் பசையும் சேர்ந்து உள்ளே போகும். ஆணித் தலை மேலே துருத்தாமல் கீழிருந்து அடிக்கச் சொல்லுங்கள்.

ஊசிமருந்து, நாமக்கல்

அம்மா, நான் கால்நடை மருத்துவன். தரையை மற்றவர்கள் சொல்வார்கள், நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிக்காக வந்தேன். பாதத்துக்கு அடியில் இருந்த முடியை வெட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இனி அதைத் தொடாதீர்கள். அந்த மஞ்சள் நிறம் அழுக்காகத் தெரியலாம், ஆனால் கம்பிக்கும் எலும்புக்கும் நடுவில் இருந்தது அது ஒன்றுதான். பின்பக்கமும் அடிவயிறும் வெட்டியது மிகச் சரி. அங்கே நனைந்து கிடந்தால் ஈ முட்டையிடும், ஒரே நாளில்கூடப் புழு வைத்துவிடும். அது உயிருக்கே ஆபத்து.

தோல் கிழியாமல் சிவப்பு மட்டும் இருக்கும்போதே பார்த்துவிட்டீர்கள், அது நல்ல காலம். உலர்ந்த, மெத்தென்ற தரை கிடைத்தால் பெரும்பாலும் ஆறும். புண்ணாகி நீர் வடிந்தாலோ, வீங்கினாலோ, சாப்பாடு குறைந்தாலோ காத்திருக்காமல் நேரில் காட்டுங்கள். அப்போது முயலைப் பார்த்துப் பழகியவரிடம் போங்கள். அமாக்சிசிலின், ஆம்பிசிலின் போன்றவற்றை முயலுக்கு வாய் வழியாகக் கொடுத்தால் குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் அழிந்து உயிரே போகலாம். வீட்டில் இருக்கும் மாத்திரை எதையும் உடைத்துக் கொடுக்க வேண்டாம். அழுக்காக இருக்கிறது என்று குளிப்பாட்டவும் வேண்டாம், குன்னூர் குளிரில் அந்த முடி காய்வதற்குள் உடம்பு சில்லிட்டுவிடும்.

துவாலையை எடுத்தது நல்லது. முயலால் வாந்தி எடுக்க முடியாது. நக்கி நக்கித் தன் முடியையே நிறைய விழுங்குகிற இனம், அதோடு நூலும் சேர்ந்தால் வயிற்றில் அடைத்துக்கொள்ளும். காய்ந்த புல் எப்போதும் முன்னால் இருக்கட்டும், குடல் ஓடிக்கொண்டே இருக்க அதுதான் வழி. மரத்தூளில் வாசனை தூக்கலாக இருந்தால், குறிப்பாகத் தேவதாரு, காயவைக்காத பைன் என்றால், விலக்குங்கள். சுவாசத்துக்கும் ஈரலுக்கும் நல்லதில்லை.

வேளச்சேரி முயல்வீடு

அக்கா, என்னிடம் இருப்பது லயன்ஹெட் என்ற பிடரி முடி இனம், வீட்டுக்குள்ளே டைல்ஸ் தரையில் வளர்கிறான். சென்னையில் எங்கள் கவலை வெயில்தான், உங்கள் ஈரத்தைப் பற்றி நான் பேச முடியாது. ஆனால் விரிப்புக்கு ஒரு வழி சொல்கிறேன். கோரைப்பாய். முடியில் ஒட்டாது, தூசி கிடையாது, கடித்தாலும் புல்தானே. சாயம் போடாத பாயாக வாங்குங்கள். முக்கியமாக, பாவு நூல் பருத்தியா என்று பாருங்கள். இப்போது வரும் பாய்களில் பாதிக்கு மேல் நைலான் நூல் ஓடுகிறது. ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டினால் உருகிச் சுருண்டால் நைலான், சாம்பலானால் பருத்தி. வெட்டிய ஓரத்தை மடித்துப் பருத்தி நூலால் தைத்துவிடுங்கள். சணல் சாக்கு மட்டும் போடாதீர்கள், நகம் மாட்டும்.

மூத்திரத்துக்குத் தனியாக ஒரு தட்டு பழக்குங்கள். பெரும்பாலான முயல்கள் ஒரே மூலையில்தான் போகும். ஆழமான பிளாஸ்டிக் ட்ரே, அடியில் மரத்துகள்களை அழுத்திச் செய்த பெல்லட், அதன் மேல் சின்ன இடைவெளியுள்ள பிளாஸ்டிக் தட்டி. ஈரம் கீழே போய்விடும், முடி நனையாது. நனைந்தால் கட்டியாகும் பூனை மணல் கூடவே கூடாது, தின்றால் வயிற்றுக்குள்ளும் அதே வேலையைத்தான் செய்யும். புல் வைக்கும் கூடையை ட்ரேயை ஒட்டித் தாழ்வாக மாட்டுங்கள். தலைக்கு மேல் மாட்டினால் உதிரும் துகளெல்லாம் பிடரி முடியில்தான் இறங்கும்.

பஞ்சுவின் அம்மா, குன்னூர்

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

கோழி வலையைப் பிரித்து எறிந்தாயிற்று. மேட்டுப்பாளையத்தில் இருந்து மூங்கில் வரவழைத்து, பக்கத்துத் தெரு ஆசாரி மலைமுயல் தம்பி சொன்ன அளவிலேயே அடித்துக் கொடுத்தார். கணுக்களை நானே உப்புத்தாளால் தேய்த்து, கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டேன். தரையைத் தனிச் சட்டமாகச் செய்ததால் வெளியே உருவிக் கழுவ முடிகிறது. மூத்திரம் காய்ந்து படியும் வெள்ளைக் கறைக்கு வினிகர் போதும். முன்பெல்லாம் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுவேன். மூத்திரத்தோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும் என்று தெரிந்த பிறகு அதை நிறுத்திவிட்டேன், பினாயிலும் இல்லை.

முக்கால்வாசி மூங்கில், ஓர் ஓரத்தில் கோரைப்பாய், எதிர் மூலையில் ட்ரே. முதல் வாரம் ட்ரேயில்தான் படுத்துத் தூங்கினாள், எனக்கு அழுகையே வந்தது. நனைந்த பெல்லட்டில் ஒரு கைப்பிடியை மட்டும் விட்டுவைத்து, புல்லையும் அங்கேயே மாட்டிய பிறகு புரிந்துகொண்டாள். இப்போது பத்துக்கு எட்டு முறை அங்கேதான் போகிறாள்.

பாதத்து முடியைத் தொடவே இல்லை. இரண்டு குதிகாலிலும் பூனை மயிர் போல முளைத்து மூடிவிட்டது. இடது காலில் நடுவில் மட்டும் ஒரு மிளகளவு வெறும் தோல். சிவப்பு போய்விட்டது. தொட்டால் இழுப்பதில்லை. டாக்டர் தம்பி, உங்களுக்குத்தான் முதல் நன்றி. சுத்தம் என்று நினைத்து நான் செய்தது அவளுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

ஒன்றே ஒன்றுதான் பாக்கி. பாய். பனியில் மூன்று நாளானாலும் காய்வதில்லை, ஒரு துண்டில் பூஞ்சணம் பிடித்துவிட்டது.

மலைமுயல், கொடைக்கானல்

பூஞ்சணம் பிடித்ததைத் தூக்கிப் போடுங்கள் அக்கா, கழுவித் திரும்ப வைக்காதீர்கள். முழுப் பாயை எட்டுத் துண்டாக்கி வைத்துக்கொண்டு தினம் ஒன்றாக மாற்றுங்கள். கழற்றியதைத் தண்ணீரில் முக்காமல் ஈரத்துணியால் துடைத்து, அடுப்புக்கு மேலே பரணில் நிறுத்தி வையுங்கள். எங்கள் வீட்டில் மார்கழியிலும் அப்படித்தான் காய்கிறது.

பஞ்சுவின் அம்மா, குன்னூர்

சரி தம்பி. எட்டுத் துண்டும் வெட்டி ஓரம் மடித்தாயிற்று. இன்று ராத்திரி தைத்துவிடுவேன்.