பூஞ்சணம் திரும்பத் திரும்ப வருகிறது, அட்டையும் ஆடுகிறது: உதவி தேவை (பினாங்கு)

கேள்வி:
வணக்கம். ஜார்ஜ்டவுனில் எங்கள் சங்க நூலகத்தில் சுமார் 700 புத்தகங்கள் இருக்கின்றன. வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் முப்பது நாற்பது புத்தகங்களின் முதுகில் வெள்ளைப் பொடி. ஈரத்துணியால் துடைத்தால் போகிறது, இரண்டு வாரத்தில் மறுபடி வந்துவிடுகிறது. ஏர்கோன் காலை 10 முதல் மாலை 6 வரை ஓடும், ராத்திரி அடைத்துவிடுவோம். சில கெட்டி அட்டைப் புத்தகங்களில் அட்டை கழன்று ஆடுகிறது. கிழிந்த பக்கங்களில் யாரோ செலோடேப் ஒட்டியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒருநாள் வெயிலில் காயப் போடலாமா?

பதில் 1:
வெயில் வேண்டாம் தம்பி. அட்டை வளையும், சாயம் வெளுக்கும், தாள் மஞ்சளாகும். நிழலில் ஃபேன் காற்றே போதும்.

உங்கள் ஏர்கோன் நேரம்தான் முதல் சந்தேகம். பகலெல்லாம் குளிர்ந்த சுவரும் புத்தகமும் ராத்திரியும் குளிர்ந்தே இருக்கும். மெஷினை அடைத்ததும் வெளியிலிருந்து ஈரக்காற்று உள்ளே வந்து அந்தக் குளிர்ந்த பரப்பில் படியும். ஐஸ் தண்ணீர் கிளாஸ் வேர்க்கிற கதைதான். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சணம் முளைக்கும். ஈரத்துணியால் துடைத்தது அதற்குத் தண்ணீர் ஊற்றியது மாதிரி.

ஒரு ஹைக்ரோமீட்டர் (ஈரப்பதம் அளக்கும் கருவி) வாங்கி அந்த அலமாரிக்குள்ளேயே வையுங்கள், அறை நடுவில் அல்ல. காலையில் கதவு திறந்ததும் எண்ணைக் குறியுங்கள். ஏர்கோனை இவ்வளவு குளிராக வைக்காமல், ராத்திரி டீஹியூமிடிஃபையரை (காற்றின் ஈரத்தை இழுக்கும் மெஷின்) ஓடவிட்டு ஈரப்பதத்தை 55 முதல் 60 சதவீதத்துக்குள் நிறுத்தப் பாருங்கள். அலமாரியைச் சுவரிலிருந்து 5 செ.மீ. ஆவது தள்ளுங்கள். புத்தகங்களை இறுக்கி அடைக்காதீர்கள்.

சுத்தம் செய்வது அதற்குப் பிறகுதான். பூஞ்சணம் ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் தாளுக்குள் இறங்கிவிடும். காய்ந்து பொடியானதும், என்95 மாஸ்க், கையுறை போட்டு, அறைக்கு வெளியே, மென்மையான பிரஷால் முதுகிலிருந்து விளிம்பை நோக்கித் தட்டுங்கள். ஹெப்பா ஃபில்டர் (நுண்தூசியையும் பிடிக்கும் வடிகட்டி) உள்ள வேக்கும் கிளீனர் இருந்தால் இன்னும் நல்லது. சாதாரண வேக்கும் பூஞ்சண வித்துக்களை அறை முழுக்க ஊதிவிடும். ஈரமான புத்தகத்தை பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்கவே கூடாது.

பதில் 2:
அட்டை விஷயத்துக்கு வருகிறேன். அட்டையைத் திறந்து, அட்டையும் முதுகும் சேரும் மூட்டில் இருக்கும் வலைத்துணியைப் பாருங்கள். துணி முழுசாக இருந்து பசை மட்டும் விட்டிருந்தால் சுலபம். சாத்தே குச்சியின் நுனியில் அமிலமில்லாத பிவிஏ கம்மை (புத்தக வேலைக்கான வெள்ளைக் கம்) மெல்லிசாகத் தடவி, புத்தகத்தை நிறுத்தி வைத்து, முதுகுக்கும் அட்டைக்கும் நடுவில் உள்ள இடுக்கில் விட்டு உருட்டி எடுங்கள். அட்டைக்கு உட்பக்கம் பேக்கிங் பேப்பர் (கேக் சுடும்போது ஒட்டாமலிருக்கப் போடுவது) வைத்து மூடி, வெளிப் பள்ளத்தில் ஸ்பூன் காம்பால் அழுத்தி, மேலே செங்கல் இரண்டு. நம் ஊர் ஈரத்துக்கு ஒரு ராத்திரி போதாது, 24 மணி நேரம் விடுங்கள். மர வேலைக்கான கம் வேண்டாம். காய்ந்தால் கட்டியாகி, அடுத்த முறை தாளோடு சேர்த்துக் கிழியும்.

வலைத்துணியே கிழிந்திருந்தால் கம் தாங்காது. புதுத் துணி போட்டு மறுபடி கட்ட வேண்டும். அதை பைண்டரிடம் கொடுங்கள்.

கிழிந்த பக்கத்துக்கு ஜப்பானியத் தாளும் (நீண்ட நாருள்ள மெல்லிய தாள்) கோதுமை ஸ்டார்ச் பசையும். ஸ்டார்ச்சைத் தேடி அலைய வேண்டாம், கேக் சாமான் கடையில் டிம்சம் செய்ய விற்கும் தாங் மியன் மாவு அதுதான். கலப்படமில்லாததா என்று லேபிளைப் பாருங்கள். 1 பங்கு மாவுக்கு 5 பங்கு தண்ணீர். அரை மணி ஊறவிட்டு, சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்கு மேல் வைத்து, 20 நிமிடமாவது விடாமல் கிளறுங்கள். வெள்ளை போய்க் கண்ணாடி மாதிரி வரும். ஆறியதும் வடிகட்டி, மோர் பதத்துக்குத் தண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜில் நாலைந்து நாள் தாங்கும், புளித்தால் கொட்டிவிடுங்கள். பழைய பைண்டிங் கடைகளில் பூச்சிக்காக மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள், செம்பு நாளடைவில் தாளையே அரிக்கும்.

ஜப்பானியத் தாளைக் கத்தரிக்கோலால் வெட்டாமல், ஈரப் பிரஷால் கோடு போட்டுக் கையால் கிழியுங்கள். விளிம்பில் நார் நீண்டு நிற்கும், அதுதான் பிடிக்கும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணே. செலோடேப்பை உரிக்கலாமா? இன்னொன்று, சில புத்தகங்களில் துளை துளையாக இருக்கிறது. இராமபாணப் பூச்சியா?

பதில் 2:
புது டேப் என்றால் ஹேர் டிரையரால் இளஞ்சூடு காட்டி, மேலே தூக்காமல், டேப்பைப் பின்னோக்கி மடித்துத் தாளோடு ஒட்டினாற்போல் மெதுவாக இழுங்கள். பழுப்பேறிய பழைய டேப்பின் கறை தாளுக்குள் ஊறிவிட்டது, வராது. பிளாஸ்டிக் தானாக உதிர்ந்தால் எடுத்துப் போடுங்கள். பெட்ரோல், தின்னர் எதுவும் தொடக்கூடாது.

பதில் 1:
எதைப் பார்த்தாலும் இராமபாணம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். மேல்தோலைச் சுரண்டியிருந்தால் வெள்ளிப்பூச்சி. வட்டத் துளை பல பக்கங்களைக் குடைந்து போனால் வண்டின் புழு. இரண்டுக்கும் ஒரே வழி: உலர்ந்த புத்தகத்தை ஜிப் பையில் காற்றை வெளியேற்றி மூடி, மைனஸ் 18 டிகிரி அல்லது அதைவிடக் குளிரான ஃபிரீசரில் 2 வாரம். எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். 24 மணி நேரம் அறைச் சூட்டுக்கு வந்த பிறகே திறக்க வேண்டும், இல்லாவிட்டால் புத்தகம் வேர்த்துவிடும். பூஞ்சண வித்து இதில் சாகாது, தூங்கத்தான் செய்யும்.