பிள்ளையைக் காணோம் என்றால்: ஊர் பேசியதும் போலீஸ் தேடியதும்

திண்டுக்கல்காரர்:

போன வாரம் எங்கள் பக்கத்தில் 15 வயதுப் பையன் ஒருவனின் படம் வாட்ஸ்அப்பில் சுற்றியது. பையன் கிடைத்துவிட்டான், நல்லபடியாக இருக்கிறான். ஆனால் கிடைப்பதற்குள் படத்துக்குக் கீழே வந்த பேச்சைப் படிக்க முடியவில்லை. கஞ்சா என்றார்கள், காதல் என்றார்கள், கிட்னி திருடுகிற கும்பல் என்றார்கள். இதே பேச்சை எங்கள் வீட்டு வாசலில் நாங்கள் கேட்டிருக்கிறோம். அதனால் மனசு கேட்காமல் எழுதுகிறேன். இந்த மாதிரி பார்த்தவர்கள், அனுபவித்தவர்கள் நீங்களும் எழுதுங்கள்.

என் அக்கா மகன் அப்போது பிளஸ் ஒன். காலாண்டு மார்க் வந்த அன்று டியூஷனுக்குப் போகிறேன் என்று கிளம்பியவன் வீடு திரும்பவில்லை. ராத்திரி ஸ்டேஷனுக்குப் போனோம். "ஃபிரெண்ட் வீட்ல இருப்பான், நாளைக்குப் பாக்கலாம்" என்று புகார் வந்தது என்பதற்கான சிஎஸ்ஆர் ரசீது மட்டும் போட்டுக் கொடுத்தார்கள். மறுநாள் தெரிந்த வக்கீல் ஒருவர் கூட வந்தார். பச்பன் பச்சாவோ ஆந்தோலன் என்ற குழந்தைகள் உரிமை அமைப்பு தொடர்ந்த வழக்கில் 2013 மே 10 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னதை அவர் எடுத்துச் சொன்னார். 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையைக் காணோம் என்று புகார் வந்தால் எஃப்ஐஆர் போட்டே ஆக வேண்டும்; கடத்தலாக இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டுதான் விசாரணையையே தொடங்க வேண்டும். அதற்கப்புறம்தான் எஃப்ஐஆர் விழுந்தது.

அதற்குள் வீடு நிறைய ஆட்கள். வந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் உட்கார்ந்த இடத்தில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். ஒரு பெரியம்மா வெற்றிலையில் மை போட்டுப் பார்க்கிறவரிடம் போய்விட்டு வந்து, "தெற்கால, தண்ணி இருக்கிற இடம்னு வருது" என்றார். அவ்வளவுதான், இளவட்டங்கள் பாதாளக் கரண்டியை எடுத்துக்கொண்டு தெற்கே இருக்கிற தோட்டத்துக் கிணறுகளுக்குக் கிளம்பிவிட்டார்கள். தீயணைப்பு வண்டியும் வந்தது. அக்காவை வீட்டிலேயே இரு என்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. கிணற்று மேட்டில் நின்று கயிறு மேலே வருவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை கரண்டியில் நீலமாக ஏதோ மாட்டிக்கொண்டு வந்தது. அவன் போட்டிருந்த சட்டையும் நீலம். விரித்துப் பார்த்தால் மக்கிப்போன உரச் சாக்கு. அக்காவை நான்கு பேர் தூக்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தோம். அன்று ஆரம்பித்த பிரஷர் மாத்திரையை இன்னும் நிறுத்தவில்லை.

நோட்டீஸ் அடித்து எங்கள் போன் நம்பரைப் போட்டோம். தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன், பழனி அடிவாரத்தில் பார்த்தேன் என்று போன்கள் வந்தபடியே இருந்தன. ஒருவன், பையன் தன்னிடம்தான் பத்திரமாக இருக்கிறான், பஸ் செலவுக்கு ஜிபே பண்ணுங்கள் என்றான். "போன அவன்கிட்ட குடு" என்றதும் வைத்துவிட்டான்.

கடைசியில் அவன் இருந்த இடத்தைக் காட்டியது இதில் எதுவும் இல்லை. அவன் கூடப் படித்த பையன் ஒருவன். போனில் சேர்ந்து கேம் விளையாடுகிறவர்கள். எங்கள் ஆள் இரண்டு ராத்திரி யாரோ ஒருவருடைய போனிலிருந்து அதே கணக்கில் உள்ளே வந்து போனதை இவன் பார்த்திருக்கிறான். ஆனால் தெருவே இவனைத்தான் கைகாட்டிக்கொண்டிருந்தது. "இவன்கூடச் சேர்ந்துதான் கெட்டான், இவன்தான் கஞ்சா வாங்கிக் குடுத்தது" என்று அவன் அம்மா காதுபடவே பேசினார்கள். அப்புறம் எப்படி வாயைத் திறப்பான்? யூனிஃபார்ம் இல்லாமல் வந்த ஒரு பெண் எஸ்.ஐ., அவன் வீட்டு அடுப்படியில் அவன் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசினார். அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அந்தப் போனை வைத்துப் பிடித்ததில், அக்கா மகன் ஓசூரில் ஒரு பேக்கரியில் தட்டு கழுவிக்கொண்டிருந்தான்.

தெருப் பேச்சு வேதனை கொடுத்தது என்பதை விட்டுவிடுகிறேன். தகவல் வைத்திருந்த ஒரே ஆளை அது ஊமையாக்கியது. எனக்கு அதுதான் ஆறவில்லை.

ஓய்வுபெற்ற ஏட்டு:

தம்பி எழுதியது நூற்றுக்கு நூறு உண்மை. 24 மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் புகார் எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. எங்கள் ஆட்களே சிலர் அப்படிச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், அது தப்பு. நொய்டா பக்கம் நிதாரியில் பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போனபோது, பெற்றவர்கள் கொடுத்த புகாரை ஓடிப்போன கேஸ் என்று தள்ளினார்கள். 2006 டிசம்பரில் எலும்புகளாகக் கிடைத்தபோதுதான் நாட்டுக்கே தெரிந்தது. அதை மறக்கக் கூடாது. இப்போது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 173-வது பிரிவின்படி சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் ஜீரோ எஃப்ஐஆர் போடலாம். எங்கள் லிமிட் இல்லை என்று யாரும் திருப்பி அனுப்ப முடியாது.

தேடுவது எப்படி என்று வெளியே பலருக்குத் தெரியாது. நான் அந்த வீட்டுக்குள் போனதும் போன் சார்ஜர் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். சார்ஜர், மாற்றுத் துணி, ஆதார் கார்டு மூன்றும் இல்லை என்றால் பிள்ளை யோசித்துக் கிளம்பியிருக்கிறது. செருப்பைக்கூடப் போடாமல் போயிருந்தால் வேறு மாதிரித் தேட வேண்டும். அடுத்து போன் வாங்கின அட்டைப் பெட்டியைக் கேட்பேன். பரண் மேல் எங்காவது கிடக்கும். அதில் ஐஎம்இஐ நம்பர் இருக்கும். சிம்மைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறு சிம் போட்டாலும் அந்த நம்பரை வைத்துப் பிடிக்கலாம். அப்புறம் கால் லிஸ்ட், டவர், பஸ் ஸ்டாண்ட் கேமரா, ரயில்வே ஸ்டேஷன் கேமரா. கடை கேமராக்களில் பெரும்பாலும் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். ஆகவே முதல் சில நாட்களை விட்டால் அந்தப் படம் போனது போனதுதான்.

அந்த நாட்களில்தான் வதந்தியும் உச்சத்தில் இருக்கும். குளத்தில் சட்டை மிதக்கிறது என்று ஒருவர் போன் போட்டால் நான் போகாமல் இருக்க முடியாது. நூற்றில் ஒன்று உண்மையாகிவிட்டால்? ஸ்டேஷனில் இருப்பது நாலு பேர். இரண்டு பேர் குளத்துக்குப் போய்விட்டால் கேமரா பார்க்க ஆள் இல்லை. கண்ணால் பார்த்தவர்கள் எந்த இடம், எத்தனை மணி, என்ன உடுத்தியிருந்தான் என்று ஸ்டேஷனுக்கு மட்டும் சொன்னால் போதும். பார்க்காதவர்கள் சும்மா இருப்பதே பெரிய உதவி.

விழுப்புரம் பக்கத்துப் பெண்:

ஐயா சொன்னதைப் படித்ததும் எங்கள் ஊர் ஞாபகம்தான் வந்தது. பையன் காணோம் என்றால் பத்து விதமாகப் பேசுவார்கள். பெண் காணோம் என்றால் ஒரே பேச்சுதான்: "எவன்கூடப் போனா?"

நாங்கள் பிளஸ் டூ படிக்கும்போது என் பெஞ்சில் உட்கார்ந்தவள் ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி எங்கேயோ போய்விட்டாள். அவளுக்கு 17 வயது முடியவில்லை. தாய்மாமனுக்கு நிச்சயம் பண்ணி, ஜாக்கெட் தைக்கக் கொடுத்து, பத்திரிகை அடிக்கப் போயிருந்தார்கள். அது வீட்டாருக்கு மட்டும் தெரியும். ஊருக்குத் தெரிந்ததெல்லாம் அவள் ஓடிப்போனது. எதிர்வீட்டுப் பையன் ஒருவன் ஐடிஐ படிக்க அதே பஸ்ஸில் போவான். அவனை அவள் சித்தப்பாமார் நடுத்தெருவில் வைத்து அடித்தார்கள். அவனும் வேறு சாதி என்பதால் விஷயம் எங்கே போய் முடியும் என்று எல்லோருக்குமே பயம்.

அவள் போனது யாருடனும் இல்லை. குழந்தைகளுக்கான உதவி எண் 1098-க்கு அவளே போன் பண்ணியிருக்கிறாள். அவர்கள் வந்து கூட்டிப் போய், குழந்தைகள் நலக் குழு முன்னால் நிறுத்தி, ஒரு இல்லத்தில் தங்க வைத்திருந்தார்கள். வீட்டாருக்கு அன்று சாயங்காலமே தகவல் சொல்லப்பட்டது. ஆனால் கல்யாணம் நின்ற காரணம் வெளியே வந்தால் கேவலம் என்று அவர்கள் தெருவில் சொல்லவில்லை. பையனை அடித்தது அதற்கும் மறுநாள்! தெரிந்தும் அடிக்க விட்டார்கள். எனக்கு இன்றைக்கும் அந்த வீட்டு ஆட்களைப் பார்த்தால் பேச வாய் வராது.

அவள் இப்போது நர்ஸ். ஊருக்கு வருவதில்லை.

போளூர் வட்டாரம்:

இவ்வளவு நேரம் நிஜமாகவே காணாமல் போன பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம். யாருமே காணாமல் போகாமல் ஒரு உயிர் போனது எங்கள் பக்கத்தில். 2018 மே மாதம். பிள்ளை பிடிக்கிறவர்கள் வட மாநிலத்திலிருந்து கூட்டமாக வந்திருக்கிறார்கள் என்று ஒரு வாய்ஸ் மெசேஜ், அப்புறம் எங்கோ எடுத்த வீடியோ. ஒரு பிள்ளைகூடக் காணாமல் போகவில்லை, ஆனால் சாயங்காலம் ஆனால் தெருவில் குழந்தைகளை விட மாட்டார்கள். என் சொந்தக்காரர்களே இரவில் கம்போடு காவல் உட்கார்ந்தார்கள்.

மே 9 அன்று சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குலதெய்வம் கோயிலுக்குக் காரில் வந்தது. அத்திமூர் பக்கம் நிறுத்தி வழி கேட்டார்கள். அங்கே நின்ற குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். அதற்காக ஒரு ஊரே சேர்ந்து அடித்தது. 65 வயது அம்மா ஒருவர் செத்துப்போனார். கூட வந்தவர்களுக்குப் படுகாயம். அதே நாட்களில் பழவேற்காட்டில் ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். கைதானவர்களில் பலர் நம்மைப் போல வேலைவெட்டிக்குப் போகிற சாதாரண ஆட்கள்தான்.

அதே வருஷம் ஜூலையில், நாட்டின் பல இடங்களில் இதே மாதிரி நடந்த பிறகு, இந்தியாவில் வந்த செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுக்கு (தனி ஆளோ, குழுவோ) மேல் ஃபார்வர்ட் பண்ண முடியாதபடி வாட்ஸ்அப் மாற்றியது. ஐந்துக்கு அனுப்பலாம் அல்லவா? அந்த ஐந்து போதும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கோவையிலிருந்து:

என் தங்கைக்கு 12 வயதில் நடந்தது. வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு பாட்டி ஊருக்கு ரயில் ஏறிவிட்டாள். காட்பாடியில் ரயில்வே போலீஸ் இறக்கி, அன்றைக்கே எங்களுக்குப் போன் பண்ணிவிட்டார்கள். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அவளுடைய பள்ளி யூனிஃபார்ம் படம், அப்பா பெயர், எங்கள் தெரு எல்லாம் போட்டு அப்போது அனுப்பியது இன்னும் வருகிறது. தங்கை இப்போது காலேஜ். ஹாஸ்டலில் ஒருத்தி "ஏய், இது நீதானே?" என்று கேட்டிருக்கிறாள்.

ஏட்டு ஐயா, கிடைத்த பிறகும் படத்தைப் போடுகிறவர்களை ஒன்றும் செய்ய முடியாதா? இன்னொரு கேள்வியும் இருக்கிறது. எங்கள் பக்கத்து வீட்டில் 19 வயதுப் பெண் ஒருத்தி போன மாதம் வீட்டை விட்டுப் போனாள். போலீஸ் கண்டுபிடித்தும் கூட்டி வரவில்லை என்று அந்த அம்மா அழுகிறார்.

ஓய்வுபெற்ற ஏட்டு:

தங்கச்சி விஷயத்தில் சட்டம் இருக்கிறது அம்மா. இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74. குழந்தையின் பெயர், படம், பள்ளி, விலாசம் எதையும் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டும். தேடும்போது படம் வெளியே போக வேண்டியிருக்கிறது, அதை போலீஸ் மூலமாக விடுவதுதான் நல்லது. கிடைத்த அன்றைக்கே படம் போட்ட எல்லோருக்கும் "கிடைத்தாயிற்று, அழித்துவிடுங்கள்" என்று நீங்களே அனுப்ப வேண்டும். இப்போது வருவதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து சைபர் கிரைமில் கொடுங்கள், 1930-க்குப் போன் பண்ண வேண்டாம், அது பண மோசடிக்கு. இணையப் புகார் தளத்திலேயே போடலாம்.

பக்கத்து வீட்டுப் பெண் விஷயம் வேறு. 18 முடிந்துவிட்டால் வீட்டுக்கு வா என்று யாரும் இழுத்து வர முடியாது. காணோம் என்று எஃப்ஐஆர் போடுவோம், தேடுவோம், அவள் சொந்த விருப்பத்தில்தான் இருக்கிறாளா, யாராவது மிரட்டி வைத்திருக்கிறார்களா என்று பார்ப்போம். அந்த அம்மாவுக்குச் சந்தேகம் தீரவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். நீதிபதி அந்தப் பெண்ணை நேரில் வரவழைத்துக் கேட்பார். என் விருப்பத்தில்தான் இருக்கிறேன் என்று சொன்னால் அவள் போகிற இடத்துக்குப் போக விட்டுவிடுவார். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். தெருவில் யாரும் இதை வைத்துப் பேசாமல் பார்த்துக்கொண்டால், அந்தப் பெண்ணே ஒரு நாள் போன் பண்ணுவாள். அப்படிப் பண்ணின பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.