புதுப்பிப்பு: தேநீருக்குப் பிறகும் நாற்காலிகள் நிறைந்திருந்தன

இதய மருத்துவர் சங்கக் கூட்டம் தேநீர் இடைவேளையோடு காலியாகிவிடுகிறது, சுகாதாரக் கொள்கை என்றால் யாரும் உட்காருவதில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். அதே இழையில் பலர் சொன்ன யோசனை: வெளியூர்ப் பேச்சாளரை விட்டுவிட்டு உள்ளூர் நோயாளி ஒருவரின் ஈசிஜியை (இதயத்தின் மின்துடிப்புப் பதிவு) வைத்துப் பேசுங்கள். சரி, போன ஞாயிறு அப்படியே செய்தோம்.

ஓர் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரை அழைத்திருந்தோம். கைப்பேசியில் எடுத்த மங்கலான ஈசிஜி படம் ஒன்றைத் திரையில் போட்டார். தமிழக அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு வருபவர்களுக்கு 2023 முதல் கொடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டேட்டின் மாத்திரைகள் மூன்றையும் உடனே கொடுத்திருக்கிறார். "அப்புறம் இந்தப் படத்தை யாருக்கு அனுப்புவது என்று தெரியவில்லை, சார்" என்றார். அரங்கில் சத்தமே இல்லை. எஸ்டி உயர்வு மாரடைப்பில் (இதய ரத்தக்குழாய் முழுதாக அடைபடும் வகை, ஈசிஜியில் தெரியும்) ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, நோயாளி மருத்துவமனைக்கு வந்த 30 நிமிடத்துக்குள் தொடங்கிவிட வேண்டும் என்பது நம் எல்லோருக்கும் பாடம். அந்த நிமிடங்கள் எங்கே தொலைகின்றன என்பதை அன்றுதான் நேரில் கேட்டோம்.

ஒரு மணி நேரம் விவாதம். யாரும் எழுந்து போகவில்லை. ஈசிஜி பார்க்க முறைவைத்து ஒரு பொது எண், 108 வண்டி எந்த மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்ற தெளிவு, இரண்டையும் ஒரே பக்கக் கடிதமாக எழுதி சுகாதாரத் துறை இணை இயக்குநர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டோம். ஈசிஜி பார்க்கும் முதல் மாத முறைக்குப் பெயர் தந்தவர்களில் பாதிப் பேர் இளம் மருத்துவர்கள். எனக்கு அதில்தான் பெரிய சந்தோஷம்.

பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.