ஓவனில் மொறுமொறு சிக்கன் விங்ஸ்: உங்கள் கை அனுபவத்தைச் சொல்லுங்கள்

கோவையிலிருந்து:

விங்ஸ் நன்றாக வருமா வராதா என்பது கறிக்கடையிலேயே முடிவாகிவிடுகிறது. நம்மூரில் கேட்காமலேயே தோலை உரித்துவிடுவார்கள். எங்கள் தெரு பாய் கடையில் முந்தின நாளே, "அண்ணா, றெக்கை மட்டும் ஒரு கிலோ, தோலோடு வேண்டும்" என்று சொல்லி வைப்பேன். முதல் தடவை, "தோலோடயாம்மா?" என்று இரண்டு முறை கேட்டார். இப்போது தானே எடுத்து வைத்துவிடுகிறார். தோல் இல்லாத றெக்கை ஓவனில் வெறுமனே காய்ந்துதான் போகும். மொறுமொறுப்பெல்லாம் தோலிலும் அதன் அடியில் இருக்கும் கொழுப்பிலும்தான்.

மூட்டில் கத்தி வைத்தால் றெக்கை எளிதாக மூன்று துண்டாகும். நுனித் துண்டை எறியாமல் சூப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். மற்ற இரண்டையும் ஈரம் போகத் துணியால் ஒற்றி எடுத்து, கிலோவுக்கு ஒரு டேபிள்ஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒரு டீஸ்பூன் உப்பு, மிளகுத்தூள், பூண்டுப் பொடி சேர்த்துப் பிரட்டுங்கள். பேக்கிங் பவுடருக்குப் பதிலாக ஆப்ப சோடாவை அதே அளவு போட்டுவிடாதீர்கள், சோப்பு வாடை வரும். பேக்கிங் பவுடர் தோலில் காரத்தன்மையைக் கூட்டுவதால் நன்றாகச் சிவக்கிறது, மொறுமொறுப்பும் ஏறுகிறது.

அப்புறம் கம்பி வலையின் மேல் இடைவெளி விட்டு அடுக்கி, மூடாமல் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ராத்திரி முழுக்க வைக்க வேண்டும். இந்த ஒரு வேலையை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் வீண். காலையில் தொட்டால் விரலில் ஒட்டாது. தோல் சுருங்கி, உள்ளே சதை தெரிகிற அளவுக்கு மெலிந்திருக்கும். தயிரில் ஊறவைக்கும் நம் வழக்கம் தந்தூரிக்குச் சரி. இதற்கு அந்த ஈரம் ஆகாது.

முதலில் 120 டிகிரியில் அரை மணி நேரம். கொழுப்பு மெல்ல உருகிக் கீழ்த் தட்டில் சொட்டும். பிறகு 220 டிகிரியில் 40 நிமிடம், நடுவில் ஒரு முறை திருப்பிவிட வேண்டும். கோழி வெந்துவிட்டது என்பதற்கு உள்சூடு 74 டிகிரி போதும். றெக்கையில் சவ்வு அதிகம் என்பதால் அதற்கு மேலே போனால்தான் எலும்பிலிருந்து கழன்று வருகிறது. மிளகாய்த்தூளை முதலிலேயே நிறையப் போட்டால் அந்தச் சூட்டில் கருகிக் கசக்கும். நான் வெளியே எடுத்த பிறகுதான் காஷ்மீரி மிளகாய்த்தூளும் சீரகத்தூளும் தூவிக் குலுக்குகிறேன்.

தொட்டுக்கொள்ள மயோனைஸ் வேண்டாமே. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்கு 2025 ஏப்ரலில் தமிழக அரசு ஓராண்டுத் தடை போட்டது. சால்மோனெல்லா போன்ற கிருமிகள் பற்றிய பயம்தான் காரணம். வீட்டிலும் குழந்தைகளுக்கு அதைக் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை. கெட்டித்தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, விங்ஸ் வேகும்போதே ஒரு முழுப் பூண்டையும் ஓவனில் வைத்துவிடுவேன். தோலுக்குள் அது வெண்ணெய் போல் குழைந்திருக்கும். அதைப் பிதுக்கி, வடித்த தயிர், புதினா, எலுமிச்சைச் சாறு, மிளகு, உப்பு எல்லாம் சேர்த்து அடித்தால் போதும்.

அமெரிக்காவின் பஃபலோ நகரிலிருந்து:

விங்ஸ் பிறந்த ஊரிலேயே இருக்கிறேன், அதனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1964இல் இங்கே ஆங்கர் பாரில் தெரேசா பெலிசிமோ செய்தது என்பதுதான் எல்லோரும் சொல்லும் கதை. அதே அறுபதுகளில் ஜான் யங் என்ற கறுப்பினச் சமையல்காரர் தன் கடையில் றெக்கையை வெட்டாமல் முழுசாக, மாவில் புரட்டிப் பொரித்து, தன் சாஸில் தோய்த்து விற்றார். அவருக்கும் உரிய பெயர் கிடைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இங்கே இதை எண்ணெயில் பொரித்து, காரமான கெய்ன் மிளகாய் சாஸிலும் வெண்ணெயிலும் புரட்டி, செலரித் தண்டும் ப்ளூ சீஸ் டிப்பும் வைத்துக் கொடுப்பார்கள். அதற்குப் பதிலாக ராஞ்ச் என்ற மோர் டிப்பைக் கேட்டால் முகத்தைச் சுளிக்கிற ஊர் இது. ஒரு ஞாயிறு ஃபுட்பால் மேட்சுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு ஓவன் விங்ஸும் பூண்டுத் தயிரும் வைத்தேன். அந்த வீட்டுப் பெரியவர், "பொரிக்கவில்லையா?" என்று சந்தேகத்தோடுதான் ஒன்றை எடுத்தார். கடித்த சத்தம் எனக்குக் கேட்டது. அப்புறம் தயிர்க் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

அந்தச் சிவப்பு சாஸை நம்மூர்ப் பொருளிலேயே செய்யலாம். காஷ்மீரி மிளகாயை வெந்நீரில் ஊறவைத்துப் பூண்டு, வினிகர், உப்போடு அரைத்து, கொதிக்கவிட்டு வடிகட்ட வேண்டும். காரம் கூட வேண்டுமென்றால் இரண்டு குண்டு மிளகாய். அடுப்பை அணைத்த பிறகே வெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு அடியுங்கள். கொதிக்கும்போது போட்டால் நெய் தனியாகப் பிரிந்து மேலே மிதக்கும்.

நாகர்கோவிலிலிருந்து:

அக்கா, எங்கள் வீட்டில் இருப்பது மேசைமேல் வைக்கும் சின்ன மின் ஓவன், ஓ.டி.ஜி. மேல் கம்பி ரொம்பக் கிட்டே இருக்கும். நடுத்தட்டில் வைத்தும் மேல்பக்கம் சீக்கிரம் சிவந்துவிடுகிறது. 200 டிகிரி வைத்துப் பத்து நிமிடம் கூட விட்டேன், நன்றாகவே வந்தது. நெருக்கி அடுக்கினால் ஆவியில் வெந்து தோல் வதங்கிவிடுகிறது, அரைக் கிலோவாக இரண்டு தடவை வைப்பதே நல்லது. மீந்ததை மைக்ரோவேவில் வைக்காமல் அதே ஓ.டி.ஜி.யில் பத்து நிமிடம் சூடு செய்தால் மறுபடியும் மொறுமொறுப்பாகிறது.