லிண்டா ரான்ஸ்டாட்டின் மரியாச்சி: அப்பா வீட்டுப் பாட்டா, புது வேஷமா?

பழையரேடியோ:
அமெரிக்கப் பாடகி லிண்டா ரான்ஸ்டாட் மரியாச்சி பாணியில், அதாவது வயலின், டிரம்பெட், கித்தார் சேர்ந்த மெக்சிகோ குழு இசையில், பாடி 1987-இல் வந்த இசைத்தட்டு 'கான்சியோனெஸ் தே மி பாத்ரே', அதாவது 'என் அப்பாவின் பாடல்கள்', அமெரிக்காவில் மட்டும் 20 லட்சத்துக்கு மேல் விற்றது, கிராமியும் வாங்கியது, எல்லாம் சரி. ஆனால் லிண்டா எழுபதுகளில் ராக் பாடினார், 1983-இல் இசைக்குழுத் தலைவர் நெல்சன் ரிடிலோடு பழைய அமெரிக்க மெட்டுகள், 87-லேயே பாடகி டாலி பார்ட்டனோடு கன்ட்ரி என்ற அமெரிக்க கிராமியப் பாணி, அதே வருடக் கடைசியில் மரியாச்சி. ஸ்பானிஷ் சரளமாகப் பேசவும் வராது. இதைப் பரம்பரைச் சொத்து என்று எப்படி ஒப்புக்கொள்வது?

மெட்டுப்பிரியை:
87-இல் திடீரென்று முளைத்த ஆசை இல்லைங்க அது. ராக்கில் உச்சத்தில் இருந்த 1976-லேயே 'லோ சியென்தோ மி வீதா' பாடினார், அதை எழுதியவர்களில் ஒருவர் அவருடைய அப்பா கில்பர்ட். தாத்தா மெக்சிகோவின் சொனோராவில் பிறந்து 1882-இல் அரிசோனாவின் டூசானுக்கு வந்தவர், வண்டி செய்து விற்றார், ஊரில் ஒரு வாத்தியக் குழுவையும் நடத்தினார். அவர் பாடிய பாட்டுகளைத் தொகுத்து அத்தை லூயிசா எஸ்பினெல் 1946-இல் ஒரு சிறு புத்தகம் போட்டார், அதன் பெயரும் 'கான்சியோனெஸ் தே மி பாத்ரே'தான்!

ஈரோட்டுக்காரன்:
புத்தகம் சரிங்க, அப்புறம் வாத்தியம்? சொனோரா வடக்கு எல்லை. மரியாச்சி வளர்ந்தது மேற்கே, ஹலிஸ்கோ பக்கம். தாத்தா டூசானில் பாடியபோது பின்னால் இரண்டு டிரம்பெட்டும் வயலின் வரிசையுமா நின்றது? பாட்டு வீட்டுடையதாக இருக்கலாம், சத்தம் வீட்டுடையது இல்லை.

மெட்டுப்பிரியை:
டிரம்பெட் மரியாச்சிக்கே பிறகு வந்து சேர்ந்ததுதானே, ரேடியோ காலத்தில்தான் அது நிலைத்தது. அந்த ரேடியோவும் இசைத்தட்டும் எல்லை தாண்டி டூசான் வீடுகளுக்குள் போனது, அப்பா அதைக் கேட்டுப் பாடினார், மகள் அவரைக் கேட்டு வளர்ந்தாள். அதுவும் பரம்பரைதான். இந்தத் தட்டில் உள்ள 'லா சிகார்ரா'வை ஒருமுறை கேளுங்கள். ஹுவாபாங்கோ என்ற மெக்சிகோ நாட்டுப்புற வகைப் பாட்டு, அதில் நெஞ்சிலிருந்து வரும் குரல் சட்டென்று உடைந்து கள்ளக்குரலுக்குத் தாவ வேண்டும், தாவிய இடத்திலேயே நீளமாக நிற்கவும் வேண்டும். சின்ன வயதிலேயே காதில் விழுந்திருந்தால் ஒழிய அந்த உடைவு இவ்வளவு இயல்பாக வராது என்பது என் கட்சி.

பழையரேடியோ:
குரலில் குறையே சொல்லவில்லை. என் வருத்தம் வேறு. 'மரியாச்சி வர்காஸ் தே தெகாலித்லான்' 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய குழு. அந்தக் குழுவின் ரூபென் ஃபுவென்தெஸ்தான் இந்தத் தட்டின் தயாரிப்பாளர்களில் ஒருவர். அப்படிப்பட்டவர்கள் வாழ்நாள் முழுக்க வாசித்ததை, ஒரு ராக் நட்சத்திரம் பாடிய பிறகுதான் அமெரிக்கக் கடைகள் முன்வரிசையில் வைத்தன. நாமும் இங்கே இவ்வளவு நேரம் லிண்டா லிண்டா என்றுதானே பேசினோம்?

மெட்டுப்பிரியை:
அது நியாயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குற்றம் கடைக்காரர்களுடையது, பாடியவருடையது இல்லை. அவர் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தியது அந்தக் கலையின் பெரியவர்களைத்தான், லாஸ் கம்பேரோஸ் என்ற மரியாச்சிக் குழுவின் நாத்தி கானோ உட்பட.

ஈரோட்டுக்காரன்:
கேட்டுவிட்டு வந்தேன். தாவும் இடம் நிஜமாகவே சிலிர்க்க வைக்கிறது, சொனோரா பற்றிச் சொன்னதை மட்டும் திரும்பப் பெறமாட்டேன். நீங்களும் ஹெட்போன் போட்டு, குரலை விட்டுவிட்டு, அடியில் போகும் கித்தாரோனை, அதாவது கீழ்ச்சுருதி பாடும் பெரிய கித்தாரை, மட்டும் பிடித்துக்கொண்டு கேளுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு நரம்பைச் சேர்த்து இழுத்து வாசிக்கிற வாத்தியம் அது, பாட்டு முழுக்க அதன் முதுகில்தான் போகிறது.