எண்பத்தைந்தில் ஒரு பரிவர்த்தனை மறுக்கப்படுகிறது. கட்டணத்தை ஒரு வெய் கூட்டினால் போய்விடுகிறது

தனியாள்:

வணக்கம். எத்தீரியம் என்ற பிளாக்செயின் வலையமைப்புக்கான சிறிய ஜாவாஸ்கிரிப்ட் கிளையன்ட் நூலகம் ஒன்றை ஐந்து ஆண்டுகளாகத் தனியாளாகப் பராமரித்து வருகிறேன். பரிவர்த்தனையைக் கோப்பது, கையொப்பமிடுவது, நோடுக்கு (வலையமைப்பின் கணினிக்கு) அனுப்புவது, இவ்வளவுதான் அதன் வேலை. பெரிதாகப் பெயர் பெற்றதல்ல. ஆனால் அதை நம்பிப் பணம் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால்தான் இந்தக் கேள்வி.

எட்டு மாதங்களுக்கு முன் ஒரு பயனர், சில பரிவர்த்தனைகள் காரணமே இல்லாமல் மறுக்கப்படுவதாக எழுதினார். அவர் நேரடியாக நோடுடன் பேசுவதில்லை. நடுவில் ஒரு சேவை இருக்கிறது. அது "செல்லாத பரிவர்த்தனை" என்ற இரண்டு சொற்களைத் தவிர வேறெதையும் திருப்பித் தருவதில்லை. மறுக்கப்பட்டதை அப்படியே பத்து முறை அனுப்பினேன். பத்து முறையும் மறுப்பு. முன்னுரிமைக் கட்டணத்தில் ஒரே ஒரு வெய் கூட்டினேன். உடனே ஏற்றுக்கொண்டது.

ஒரு வெய் என்பது எத்தீரியத்தின் நாணயமான ஈதர் ஒன்றில் 10-இன் 18-ஆம் அடுக்கில் ஒரு பங்கு. அதற்காக எந்த நோடும் மனம் மாறாது என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. கட்டணக் கணக்கீட்டில்தான் கோளாறு என்று முடிவு கட்டி, மீள்முயற்சி ஒன்றைச் சேர்த்தேன்: மறுக்கப்பட்டால் கட்டணத்தைப் புதிதாகக் கணக்கிட்டு, மறுபடி கையொப்பமிட்டு அனுப்பும். புகார்கள் நின்றுவிட்டன. நானும் மறந்துவிட்டேன்.

போன வாரம் இன்னொரு பயனர் மீள்முயற்சியை அணைத்துவிட்டு எண்ணிப் பார்த்திருக்கிறார். 2,400 பரிவர்த்தனைகளில் 29 மறுக்கப்பட்டன. ஆக, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். என்னிடம் 212 சோதனைகள் இருக்கின்றன, எல்லாம் பச்சை. எங்கே தேடுவது?

ஓடைக்கரை:

நான்ஸ் (அனுப்பும் கணக்கின் பரிவர்த்தனை வரிசை எண்) மோதலாக இருக்கும். நிலுவையில் உள்ள பரிவர்த்தனைகளைச் சேர்க்காமல் எண்ணிக்கை கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் குழுவிலும் இதே கதைதான் நடந்தது.

தனியாள்:

முதலில் அதைத்தான் பார்த்தேன். மறுக்கப்பட்டதும், ஒரு வெய் கூட்டியபின் ஏற்கப்பட்டதும் ஒரே நான்ஸ் கொண்டவை. நான்ஸ் தவறென்றால் இரண்டுமே விழுந்திருக்க வேண்டும்.

பழைய_பைட்:

உங்கள் எண்ணிக்கையிலேயே விடை இருக்கிறது. 2,400-இல் 29 என்றால் 1.2 சதவீதம். 256-இல் 3 என்பது 1.17 சதவீதம். இந்த 3-ஐ நான் எங்கிருந்து எடுத்தேன் என்று சொல்கிறேன்.

கையொப்பத்தில் ஆர், எஸ் என்று இரண்டு எண்கள். ஆர் எண்ணின் முதல் பைட் 0 முதல் 255 வரை எதுவாகவும் இருக்கலாம். அது பூஜ்ஜியமாக இருக்க வாய்ப்பு 256-இல் 1. எஸ் அப்படியல்ல. 2016-இல் வந்த ஹோம்ஸ்டெட் மேம்பாட்டிலிருந்து அது அனுமதிக்கப்பட்ட வரம்பின் கீழ்ப்பாதியில் இருந்தாக வேண்டும். எனவே அதன் முதல் பைட் 127-ஐத் தாண்டாது. பூஜ்ஜியமாகும் வாய்ப்பு 128-இல் 1. இரண்டையும் கூட்டினால் 256-இல் 3.

பரிவர்த்தனையைப் பைட்டுகளாக்கும் ஆர்எல்பி குறியாக்கத்தில் முழு எண்ணுக்கு முன்னால் பூஜ்ஜிய பைட் இருக்கக் கூடாது. ஆர் 31 பைட்டுக்குள் அடங்கிவிட்டால் அதன் தலையில் 9எஃப் என்ற நீளக்குறி வர வேண்டும். உங்கள் நூலகம் ஏ0 என்று 32 பைட்டுக்கான குறியைப் போட்டு, அடுத்ததாக 00 எழுதுகிறது என்று பந்தயம் கட்டுகிறேன். நடுவில் இருக்கும் சேவையை விட்டுவிட்டு, உங்கள் கணினியிலேயே கெத் என்ற எத்தீரிய மென்பொருளால் ஒரு நோடை ஓட்டி அதற்கு அனுப்புங்கள். என்ன குறை என்று அதுவே சொல்லும்.

ஒரு வெய் மர்மமும் இதில் அடங்கிவிடுகிறது. ஆர்எஃப்சி 6979 முறையில் கையொப்பமிட்டால் அதே சாவியும் அதே செய்தியும் எப்போதும் அதே கையொப்பத்தைத்தான் தரும். ஆகவே விழுந்தது விழுந்துகொண்டே இருக்கும். ஒரு வெய் மாறினால் பரிவர்த்தனையின் ஹாஷ் (கையொப்பமிடப்படும் சுருக்கம்) மாறும். ஆர், எஸ் இரண்டும் புதிதாக விழும். உங்கள் 212 சோதனைகளும் ஒரே சாவியையும் எழுதிவைத்த சில பரிவர்த்தனைகளையும் வைத்து ஓடுகின்றன அல்லவா? அவை இன்னும் நூறு ஆண்டுகள் பச்சையாகவே இருக்கும்.

கிரிப்டோ நூலகத்தை அண்மையில் மாற்றினீர்களா?

தனியாள்:

மாற்றினேன். ஒன்பது மாதங்களுக்கு முன், 3.2 பதிப்பில். பழையது ஆர், எஸ் இரண்டையும் பெரிய எண்களாகத் தந்தது. புதியது 32 பைட் வரிசைகளாகத் தருகிறது. நான் அந்த வரிசையை அப்படியே எடுத்துக் குறியாக்கத்துக்குள் தள்ளியிருக்கிறேன். கெத்தும் நீங்கள் சொன்னதையே சொல்லிவிட்டது.

வேதனை என்னவென்றால், இந்த விதி எனக்குத் தெரியும். 2021-இல் லண்டன் மேம்பாட்டுக்காகப் புதிய வகைப் பரிவர்த்தனையை எழுதியபோது, கையொப்பத்தின் சமநிலை பிட் 0 என்றால் அதை 00 என்று எழுதாமல் வெற்றுச் சரமாக எழுத வேண்டும் என்று கையைச் சுட்டுக்கொண்டு கற்றேன். அன்று பாதிப் பரிவர்த்தனைகள் விழுந்ததால் பத்து நிமிடத்தில் தெரிந்துபோனது. எண்பத்தைந்தில் ஒன்று விழுந்தால் எட்டு மாதம் ஆகிறது.

கையொப்பமிடும் செயற்கூற்றிலேயே முன்பூஜ்ஜியங்களை நீக்கிவிட்டேன். சோதனைகள் பச்சை. இன்றிரவு 3.4.1 வெளியிடுகிறேன்.

மூன்றாம்_யாமம்:

வெளியிடாதீர்கள்! அந்தச் செயற்கூற்றைத்தானே செய்திக்குக் கையொப்பமிடவும் பயன்படுத்துகிறீர்கள்? அங்கே கையொப்பம் 65 பைட் இருந்தாக வேண்டும்: ஆர் 32, எஸ் 32, கடைசியில் ஒன்று. சரிபார்க்கும் ஒப்பந்தங்கள் (சங்கிலியில் ஓடும் நிரல்கள்) இடத்தை எண்ணித்தான் வெட்டி எடுக்கின்றன. நீங்கள் பூஜ்ஜியத்தை நீக்கினால் 64 பைட் ஆகும், செய்திக்குக் கையொப்பமிட்டுச் செய்யும் உள்நுழைவு தோற்கும். எண்பத்தைந்தில் ஒன்று இங்கே குடியேறும், அவ்வளவுதான்.

பூஜ்ஜியத்தை நீக்குவது ஆர்எல்பியின் வாசலில் மட்டும் நடக்கட்டும். அங்கும் எல்லாவற்றுக்கும் அல்ல. முகவரி 20 பைட், அணுகல் பட்டியலின் (பரிவர்த்தனை தொடப்போகும் இடங்களை முன்கூட்டியே சொல்வது) சேமிப்புச் சாவி 32 பைட். இவற்றின் முன்பூஜ்ஜியங்களைத் தொடக் கூடாது. "எண்", "பைட் வரிசை" என இரண்டு தனி வகைகளை நூலகத்தில் வைத்துவிடுங்கள். எது எது என்று மனத்தில் வைத்துக்கொள்வது தனியாளுக்குக் கட்டுப்படியாகாது.

இன்னொன்று, எனக்கு இதுதான் அதிகப் பயம் தருகிறது: மீள்முயற்சி நான்ஸையும் மறுபடி கேட்டு வாங்குகிறதா? பதில் வராமல் நேரம் கடந்துபோன பரிவர்த்தனை உண்மையில் ஏற்கப்பட்டிருக்கலாம். புது நான்ஸுடன் இரண்டாவது போனால் பணம் இரண்டு முறை போகும்.

தனியாள்:

வெளியிடுவதற்குச் சற்று முன்புதான் படித்தேன். நன்றி.

மூன்று நாள் ஆயிற்று. நீக்குவதை வாசலுக்கு நகர்த்தி, வகைகளைப் பிரித்தேன். வகையைப் பிரித்ததும் டைப்ஸ்கிரிப்ட் இன்னொரு இடத்தைக் காட்டிக்கொடுத்தது: அணுகல் பட்டியலில் ஒரு சேமிப்புச் சாவியை எண்ணாக நடத்தியிருந்தேன். யாரும் புகார் செய்யாததற்குக் காரணம், அந்த வசதியை யாரும் பயன்படுத்தவில்லை என்பதாகத்தான் இருக்கும்.

புதிய சோதனை ஒவ்வொரு ஓட்டத்திலும் 5,000 புதுச் சாவிகளை உண்டாக்கி, அவற்றால் கையொப்பமிட்ட பரிவர்த்தனைகளை ஈதர்ஸ் நூலகம் தரும் பைட்டுகளோடு ஒப்பிடுகிறது. தோற்றால் சாவியை அச்சிடும். பழைய நிரல் 41-ஆவது பரிவர்த்தனையிலேயே மாட்டிக்கொண்டது. புதியது முழுவதும் தேறியது. செய்திக் கையொப்பத்துக்கும் இதே போல் ஒன்று எழுதிவிட்டேன்.

நான்ஸ் கேள்விக்கு வெட்கத்தோடு பதில்: ஆம், கேட்டு வாங்குகிறது. நேரம் கடந்ததற்கும் மறுக்கப்பட்டதற்கும் ஒரே பாதை. 3.4.1-இல் மீள்முயற்சியையே எடுத்துவிட்டேன்.

ஓடைக்கரை:

நடத்தை மாறுகிறதே, முதன்மைப் பதிப்பு எண்ணை அல்லவா உயர்த்த வேண்டும்?

தனியாள்:

விதிப்படி அப்படித்தான். ஆனால் 4.0 என்று வெளியிட்டால் 3-இல் இருப்பவர்களுக்கு அது தானாகப் போய்ச் சேராது. பணம் இரண்டு முறை போகக்கூடிய நிரலை விதிக்காக அவர்களிடம் விட்டுவைக்க மனமில்லை. மாற்றக் குறிப்பின் முதல் வரியிலேயே எழுதியிருக்கிறேன், திட்டுகிறவர்கள் திட்டட்டும். 3.2 முதல் 3.4.0 வரையிலான பதிப்புகளை என்பிஎம் தொகுப்புக் களஞ்சியத்திலிருந்து விலக்க முடியாது. 72 மணி நேரம் கடந்துவிட்டது, பிறர் சார்ந்தும் இருக்கிறார்கள். நிறுவும்போது தெரியும்படி எச்சரிக்கை வாசகம் ஒட்டியிருக்கிறேன்.

அந்த 29-ஐ எண்ணிச் சொன்னவர் 3.4.1-ஐ ஓட்டிவிட்டு நேற்று எழுதினார்: 2,400-இல் சுழியம். இனி அவரே ஒரு மீள்முயற்சி எழுதிக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறார். கையொப்பமிட்ட அதே பைட்டுகளை மட்டும் மறுபடி அனுப்புவதென்றால் எழுதுங்கள் என்றேன்.